ஆயா ஏறிய மாடிகள்

கண்ணமங்கலத்தில் நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பகத்துப் பிள்ளைகள் பதினொரு பேரைப் போன மாதம் சென்னைக்கு அழைத்துப் போனேன். கன்னிமாரா நூலகம், அருங்காட்சியகம், மெரினா என்று திட்டம். அதில் ஒன்றை மட்டும் நானே சேர்த்திருந்தேன். மெட்ரோவில் எல்.ஐ.சி. நிறுத்தத்தில் இறங்கி மேலே வந்து, அண்ணா சாலையின் எதிர்ப்பக்க நடைபாதையில் எல்லோரையும் நிற்க வைத்தேன். "நிமிந்து பாருங்க" என்றேன்.

பார்த்தார்கள். பத்தாவது படிக்கும் தம்பி ஒருவன் கேட்டான்: "அக்கா, இதுல இன்னா இருக்குது? சின்ன கட்டடமாத்தானே கீது?"

அவன் கேட்டதில் தப்பில்லை. வருகிற வழியில் இதைப் போல இரண்டு மடங்கு உயரமுள்ள அடுக்குமாடிகளை அவன் பார்த்துவிட்டான். கண்ணாடி போர்த்திய ஐ.டி. கட்டடங்களைக் கைப்பேசியில் படம் பிடித்தும் வைத்திருக்கிறான். அவனுக்கு இது பழைய, மங்கிய, 177 அடி உயரப் பெட்டி. நடைபாதை வெயிலில் நின்று அவனுக்கு நான் சொன்ன பதில் அரைகுறையாகப் போய்விட்டது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். அவனுக்காகவும், அவனைப் போல இந்தப் பக்கத்தைப் படிக்கும் தோழர்களுக்காகவும்.

எங்கள் ஆயா சித்தாள். அம்மாவின் அம்மா. கல்யாணமான புதிதில், பஞ்சம் பிழைக்கத் தாத்தாவோடு ரயிலேறி மதராஸ் போனவர். கண்ணமங்கலத்திலிருந்து காட்பாடி, காட்பாடியிலிருந்து மதராஸ். கூவம் ஓரத்துக் குடிசையில் நான்கைந்து வருஷம் இருந்தார்கள். தாத்தா பெரியாள், மண் வெட்டுவார். ஆயா கலவைச் சட்டி சுமப்பார். அந்தக் காலத்தை அவர் எப்போதும் ஒரே வரியில்தான் சொல்வார்: "மவுண்ட் ரோட்ல பதினாலு மாடி கட்னாங்களே, அதுல நான் ஏறாத மாடி இல்ல கண்ணு."

சின்ன வயதில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். எங்கள் காலனியில் யாருக்கும் நம்பிக்கை வந்ததில்லை. சினிமாவில் கிராமத்துக் கதாநாயகன் சென்னைக்கு வந்தான் என்று காட்ட சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அடுத்து அந்தக் கட்டடத்தைத்தான் காட்டுவார்கள். டி.வி.யில் அது வரும்போதெல்லாம் ஆயா வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். "தோ, எங்க கட்டடம்" என்பார். நாங்கள் கிண்டல் செய்வோம்.

முதலில் அந்தக் கட்டடத்தைப் பற்றி ஏடுகளில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். அதைக் கட்ட நினைத்தவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவர். யுனைடெட் இந்தியா என்ற அவருடைய காப்பீட்டு நிறுவனத்துக்குத் தலைமையகமாக இதைத் திட்டமிட்டார். வரைபடம் லண்டனைச் சேர்ந்த பிரவுன், மூலின் என்ற இரு கட்டடக் கலைஞர்களுடையது. முதலில் 18 மாடி என்று போட்டு, பிறகு குறைத்தார்கள். 1954-இல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் செட்டியார் இறந்துபோனார். 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆனது. 154 இந்திய நிறுவனங்கள், 16 வெளிநாட்டு நிறுவனங்கள், 75 சேமநிதிச் சங்கங்கள் எல்லாம் ஒன்றாகி எல்.ஐ.சி. பிறந்தது. பாதி வளர்ந்து நின்ற கட்டடமும் அதன் கைக்கு வந்தது. 1957-இல் லண்டன்காரர்கள் விலகிக்கொள்ள, சென்னையின் எல்.எம். சித்தாலே வேலையை முடித்துக் கொடுத்தார். கட்டிய ஒப்பந்த நிறுவனம் கோரமண்டல் எஞ்சினியரிங். செலவு 87 லட்சம் ரூபாய். 1959 ஆகஸ்ட் 23 அன்று அன்றைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்து வைத்தார். அப்போது நாட்டிலேயே உயரமான கட்டடங்களில் முதல் வரிசையில் இருந்தது. சென்னையில் அதை மிஞ்ச இன்னொரு கட்டடம் வர முப்பது வருஷத்துக்கும் மேல் ஆனது.

அதுவரை சென்னையின் பெரிய கட்டடங்கள் செங்கல்லும் சுண்ணாம்பும். உயர் நீதிமன்றத்தைப் பாருங்கள். அதன் பாரத்தைத் தாங்குவது சுவர், அதனால் சுவர் அவ்வளவு தடிமன். எல்.ஐ.சி. வேறு வகை. கம்பி வைத்த கான்கிரீட் தூண்கள் ஒரு எலும்புக்கூடு போல நிற்க, தளங்கள் அதன்மேல் உட்கார்ந்தன. சுவர் எதையும் தாங்க வேண்டியதில்லை, மறைத்தால் போதும். நியூயார்க்கில் 39 மாடி ஐ.நா. செயலகமும் லீவர் ஹவுஸும் எழுந்த காலம் அது. கோபுரம், குவிமாடம், வளைவு, பூ வேலைப்பாடு எதுவும் வேண்டாம், நேர்க்கோடும் ஒரே மாதிரி ஜன்னல்களும் போதும் என்று உலகம் முழுக்கக் கட்டடக்கலை பேசிய காலம். இங்கே சண்டிகரில் லெ கார்பூசியே ஒரு நகரத்தையே அப்படி எழுப்பிக்கொண்டிருந்தார்.

முதுகலையில் சமூகவியல் படித்தபோது இந்த நவீனக் கட்டடக்கலை என்னை ரொம்பவே ஈர்த்தது. காரணம் எளிது. நம் ஊர்களில் கட்டடம் என்றாலே தரவரிசைதான். கோயில் கோபுரத்தை எங்கிருந்து பார்க்கலாம், எதுவரை போகலாம் என்பதற்கு அளவு உண்டு. அக்ரகாரம் ஒரு பக்கம், ஊர்த்தெரு ஒரு பக்கம், ஏரிக்கால்வாய்க்கு அந்தப் பக்கம் சேரி. எவன் வீடு எங்கே, என்ன கூரை, எவ்வளவு உயரம் என்பதைப் பார்த்தே சாதியைச் சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட நாட்டில் மூன்றாம் மாடிக்கும் பத்தாம் மாடிக்கும் ஒரே ஜன்னல், ஒரே உயரக் கூரை, எல்லா மாடிக்கும் போக ஒரே லிஃப்ட் என்று ஒரு கட்டடம் நின்றால் அது சும்மா கட்டடமா? அதுவே ஒரு அரசியல் அறிக்கை என்று எனக்குத் தோன்றியது.

அண்ணல் அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று வெளியான மூக்நாயக் முதல் இதழில் இந்து சமூகத்தைப் பல மாடிக் கோபுரத்தோடு ஒப்பிட்டு எழுதியது உங்களில் பலருக்குத் தெரியும். மாடிகள் உண்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஏணி இல்லை, பிறந்த மாடியிலேயே சாக வேண்டும் என்பது அதன் சாரம். வகுப்பில் அதைப் படித்த அன்று நான் நோட்டில் எழுதி வைத்தேன்: "எல்.ஐ.சி.யில் லிஃப்ட் இருக்கிறது." பெரிய கண்டுபிடிப்பு செய்துவிட்ட சந்தோஷம்.

அதே வருஷம், அதே வகுப்பில்தான் நான் ஒரு பொய்யும் எழுதினேன்.

சமூக நகர்வு பற்றிய பாடம். மூன்று தலைமுறையின் தொழில் என்ன என்று ஒரு அட்டவணை கொடுத்து, அவரவர் குடும்பத்தை நிரப்பச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்தவள் தாத்தா தாசில்தார் என்று எழுதினாள். இன்னொருவன் தாத்தா தலைமையாசிரியர். அப்பா தொழில் என்ற கட்டத்தில் நான் "கட்டட மேஸ்திரி" என்று எழுதினேன். தாத்தா, ஆயா தொழில் என்ற கட்டத்தில் "விவசாயம்" என்று எழுதினேன். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. சித்தாள் என்று எழுதக் கை வரவில்லை. கூலி என்று எழுதினால் அடுத்து சாதி என்ன என்று யோசிப்பார்கள் என்று பயம். உழைத்தவரின் தொழிலை மறைத்து, நிலம் வைத்திருந்தவனின் தொழிலை இரவல் வாங்கினேன். அட்டவணையை எல்லோரும் கூட்டிக் கழித்து நகர்வு விகிதம் கணக்கிட்டோம். என் பொய்யும் அந்தக் கணக்கில் சேர்ந்தது.

2012-இல் கண் ஆபரேஷனுக்காக ஆயாவைச் சென்னைக்கு அழைத்து வந்தேன். கட்டு பிரித்த மறுநாள் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "அந்தக் கட்டடத்தக் காட்டு பாப்பா." பஸ்ஸில் அழைத்துப் போனேன். மெட்ரோ வேலைக்காகச் சாலை முழுக்கத் தகரத் தடுப்பு. போன மாதம் பிள்ளைகளை நிறுத்திய அதே எதிர்ப்பக்கத்தில்தான் ஆயாவும் நின்றார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, விரலால் காற்றில் தட்டித் தட்டி மாடிகளை எண்ணினார். நடுவில் தவறிப்போகும். மறுபடி கீழேயிருந்து. மூன்றாம் தடவை பதினான்கு வந்தது. தலையை ஆட்டிக்கொண்டார்.

பிறகுதான் பேசினார். சவுக்குக் கழியில் சாரம் கட்டியிருந்ததை, அதில் சாய்வாகப் பலகை போட்டுக் குறுக்கே சட்டம் அடித்திருந்ததை, அந்தச் சட்டத்தில் கட்டை விரலை அழுத்தி ஏற வேண்டியதைச் சொன்னார். ஒரு தளத்துக்குக் கான்கிரீட் போட ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக்கூடாதாம். நிறுத்தினால் ஒட்டாது. அதனால் பொழுது சாய்ந்தாலும் விளக்கு போட்டு வேலை. வரிசையாக நின்று கைக்குக் கை சட்டி மாற்றுவார்கள். அம்மா அப்போது கைக்குழந்தை. கீழே மணல் மேட்டு ஓரம் தூளியில் கிடக்கும். பால் கட்டிக்கொண்டால் இறங்கி வர நேரம் இருக்காது. "மேலேர்ந்து பாத்தா தூளி ஒரு கைக்குட்ட மாதிரி தெரியும். ஆடுதா ஆடலயான்னு பாப்பேன். ஆடுனா கொயந்த முழிச்சிக்கீதுன்னு அர்த்தம்" என்றார்.

"கட்டி முடிச்சப்புறம் உள்ள போய்ப் பாத்தியா ஆயா?"

"முடியற வரைக்கும் எங்க இருந்தோம்? பூச்சு வேலைக்கு வேற ஆளு. நாங்க வேற எடத்துக்குப் போய்ட்டோம்."

"இப்ப போலாமா? லிஃப்ட்ல ஏறலாம்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "வாணாம். பாத்தாச்சி இல்ல" என்றார். தகரத் தடுப்பின் இடைவெளியில் மெட்ரோவுக்குக் குழி தோண்டுவதை எட்டிப் பார்த்தார். பெரிய எந்திரங்கள், மஞ்சள் தொப்பி போட்ட வடமாநிலத் தம்பிகள். "பொம்பள ஒருத்தியும் காணோமே" என்றார்.

அவர் சாதாரணமாகச் சொன்னது பெரிய விஷயம் என்று எனக்குக் களப்பணிக்கு வந்த பிறகுதான் புரிந்தது. கலவை இன்று லாரியில் வருகிறது, பம்ப் அதை மேலே தள்ளுகிறது. தலைச்சுமை குறைந்தது நல்லதுதான். ஆனால் அந்தப் பம்பை இயக்க எந்தச் சித்தாளுக்கும் யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. ஆண் சித்தாள் நாளடைவில் கொத்தனாராவார், மேஸ்திரியாவார். பெண் சித்தாள் முப்பது வருஷம் வேலை செய்தாலும் சித்தாளாகவே ஓய்வு பெறுவார். கட்டடத் தொழிலில் பெண்ணுக்கு ஏணி இல்லாத மாடி அது. மெரினாவில் உழைப்பாளர் சிலையை அந்தப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. அதுவும் 1959-இல்தான் வைக்கப்பட்டது, எல்.ஐ.சி. திறந்த அதே வருஷம். பாறையை நெம்பும் நான்கு பேரும் ஆண்கள். எங்கள் ஆயா அந்த வருஷத்து இரண்டு நினைவுச் சின்னங்களிலும் இல்லை.

ஆயா 2018-இல் இறந்துபோனார். அவர் சொன்னதை நான் ஒரு வரி பதிவு செய்யவில்லை. கையில் கைப்பேசி இருந்தது, அதில் ஒலிப்பதிவு வசதி இருந்தது. ஆய்வேட்டுக்காக யார் யாரையோ பேட்டி எடுத்து எழுத்தாக்கிக் கொண்டிருந்தேன். வீட்டில் இருந்தவரிடம் கேட்கத் தோன்றவில்லை. இப்போது யாராவது "உங்கள் ஆயா அந்தக் கட்டடத்தில்தான் வேலை செய்தார் என்பதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்டால் என்னிடம் எதுவும் இல்லை. அவர் சொன்ன மவுண்ட் ரோட்டுக் கட்டடம் வேறொன்றாக இருந்திருக்கவும் கூடும். திட்டமிட்டவர் பெயர் இருக்கிறது, வரைந்தவர் பெயர் இருக்கிறது, கட்டிய நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, திறந்தவர் பெயர் இருக்கிறது. நானும் மேலே அதைத்தானே வரிசையாக எழுதினேன்? சட்டி சுமந்தவர்களின் கூலிப் பதிவேடு எங்கே போயிற்று? நாம் வரலாற்றில் இல்லை என்று மேடையில் முழங்குகிறோம். நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வரலாற்றைக் கேட்காமல் விட்டது நானும்தான்.

இப்போது அந்த லிஃப்டுக்கு வருகிறேன்.

2019-இல் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்யும் பெண்களோடு வேலை செய்தேன். எல்லோரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஏறக்குறைய எல்லோருமே நம் மக்கள். கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று நகரத்தின் நடுவிலிருந்து பிடுங்கி நடப்பட்ட குடும்பங்கள். அந்தக் கட்டடத்தில் ஆறு லிஃப்ட். சீருடை போட்டவர்கள் அதில் ஏறக்கூடாது. அவர்களுக்குப் பின்பக்கம் சரக்கு லிஃப்ட் ஒன்று. அது பழுதானபோது பத்து நாளுக்கு மேல் வாளியும் துடைப்பமுமாக ஒன்பது மாடி ஏறி இறங்கினார்கள். கேட்கப் போனோம். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார், தேநீர்கூடக் கொடுத்தார். "சாதியெல்லாம் இல்லைங்க மேடம், இது கட்டட விதி" என்றார். கடிதம் கொடுத்தோம், இரண்டு முறை போய் உட்கார்ந்தோம். கடைசியில் சரக்கு லிஃப்டைச் சரி செய்தார்கள். விதியை மாற்றவில்லை.

அன்று இரவு என் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். "எல்.ஐ.சி.யில் லிஃப்ட் இருக்கிறது." எவ்வளவு குழந்தைத்தனம்! ஏணி வந்ததும் கோபுரம் திருந்திவிடும் என்று நினைத்திருக்கிறேன். ஏணி வந்தால் சாதி இரண்டு ஏணி வைத்துக்கொள்ளும். முன்வாசலுக்கு ஒன்று, பின்வாசலுக்கு ஒன்று. நேர்க்கோடும் கண்ணாடியும் ஒரே அளவு ஜன்னலும் அதைத் தடுக்காது. கழிவு நீர்த் தொட்டியில் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013-இல் சட்டம் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம் 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. தொகை உயர்ந்தது, இறங்குவது நிற்கவில்லை. எத்தனை மாடி உயர்ந்தாலும் அடியில் ஒரு தொட்டி இருக்கிறது, அதற்கென்று ஒரு சாதியை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் எல்.ஐ.சி. கட்டடத்தைப் பார்க்க எதற்குப் பிள்ளைகளை அழைத்துப் போனேன்? காரணம் அதன் வடிவம் அல்ல. அது யாருடையது என்ற கேள்வி. ஒரு தனியார் நிறுவனத்தின் தலைமையகமாகத் தொடங்கிய கட்டடம் பாதியில் பொதுச் சொத்தானது. பொதுத்துறை ஆனதால்தான் பின்னாளில் அங்கே இடஒதுக்கீடு நுழைய முடிந்தது. இப்படிப் பொதுத்துறை அலுவலகங்களில் எழுத்தர்களாக நுழைந்த முதல் தலைமுறை ஆட்கள் நம் காலனிகளில் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்துக் காலனியில் அப்படி ஒருவர் இருந்தார். அவர் சம்பளத்தில் படித்தவர்களில் இன்று ஒரு மருத்துவர், இரண்டு ஆசிரியர்கள் உண்டு. கட்டடத்தின் கம்பியும் சிமெண்டும் மாறவில்லை, உரிமையாளர் மாறினார். அதுதான் கதவைத் திறந்தது. அந்த எல்.ஐ.சி.யின் பங்குகளில் 3.5 சதவீதத்தை 2022 மே மாதம் அரசு சந்தையில் விற்றது. கண்ணாடிக் கட்டடங்களில் இடஒதுக்கீடு கிடையாது. இந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படியுங்கள் தோழர்களே. அந்தத் தம்பி கேட்ட "இதுல இன்னா இருக்குது?" என்பதற்கு என் பதில் அதில் பாதி இருக்கிறது.

மீதிப் பாதி எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறது.

காலனியில் எங்களுடையது அரசு கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு. ஒரு அறை, ஒரு சமையல் இடம், தட்டையான கூரை. அந்த வீடுகளில் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? கூரைக்குப் போகப் படிக்கட்டு இருக்காது. மேலே போக இவர்களுக்கு என்ன வேலை என்று நினைத்தார்களோ என்னவோ. 2016-இல் அப்பா மேலே ஒரு அறை கட்ட முடிவு செய்தார். ஊர் முழுக்க மாடி கட்டிக் கொடுத்த மேஸ்திரி அவர். பழைய சுவர் தாங்காது என்று அவருக்குத் தெரியும். வீட்டைச் சுற்றி ஆறு குழி தோண்டி, கம்பி கட்டி, தூண் எழுப்பினார். "செவுத்த நம்பாத. செவுரு சும்மா மறைப்பு. தூண்தான் தாங்கும்" என்று எனக்கு விளக்கினார். எல்.ஐ.சி.யின் எலும்புக்கூட்டுத் தத்துவத்தை நான் புத்தகத்தில் படித்தேன். எட்டாவதோடு நின்ற அப்பாவுக்கு அது கையில் இருந்தது.

தூண் இடுப்பளவு எழுந்தபோது ஊரிலிருந்து ஒருவர் வந்தார். அவர் வீட்டு மாடியையும் கட்டியது அப்பாதான். "மாடி எதுக்குப்பா ஒனக்கு? மேல நின்னு எங்க வூட்டுப் பொம்பளைங்கள எட்டிப் பாக்கவா?" என்றார். கோபமாகக்கூட இல்லை, சிரித்துக்கொண்டே. அடுத்த வாரத்திலிருந்து மணல் வண்டி எங்கள் தெருவுக்குள் வரவில்லை. கடனுக்குக் கம்பி கொடுத்த கடைக்காரர் பணத்தை உடனே கேட்டார். ஊருக்குள் அப்பாவுக்கு இருந்த இரண்டு வேலையும் நின்றது. நான்கு மாதம் அந்தத் தூண்கள் கம்பி நீட்டிக்கொண்டு அப்படியே நின்றன.

எனக்கு அப்போது பயமாகத்தான் இருந்தது. 1995-இல் கொடியங்குளத்தில் காவல்துறை புகுந்தபோது வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் சேர்த்த பொருட்கள்தான் குறிவைத்து நொறுக்கப்பட்டன. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியில் எரிந்தவை குடிசைகள் அல்ல. பெங்களூருவிலும் வெளியூர்களிலும் உழைத்துக் கட்டிய நல்ல வீடுகள். அதை நேரில் போய்ப் பார்த்தவள் நான். கூரை வீட்டில் நாம் இருக்கும்வரை யாருக்கும் உறுத்தல் இல்லை. சிமெண்ட் பூசினால் உறுத்துகிறது, மாடி எழுந்தால் எரிகிறது. நகரத்தில் 14 மாடிக்கு நாம் சட்டி சுமக்கலாம். சொந்தத் தெருவில் ஒரு மாடி ஏறக்கூடாது. "வேணாம்ப்பா, விட்டுடலாம்" என்று நான்தான் சொன்னேன். சாதி ஒழிப்புக் கூட்டங்களில் பேசுகிற நான்.

அப்பா என்னிடம் வாதாடவில்லை. ஆயாதான், படுத்த படுக்கையிலிருந்து, "மொதல்ல படிக்கட்ட கட்றா. மேல ஏறி நின்னாத்தான் மாடி கட்டத் தோணும்" என்றார். அப்பா அதையே செய்தார். மணலுக்கு வேறு ஊரில் ஏற்பாடு செய்து, இரவு மாட்டு வண்டியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டு வந்தார். தெருவைப் பார்த்தபடி, எல்லோர் கண்ணிலும் படும்படி, வெளிப்பக்கமாகப் பதினாறு படி கட்டினார். அதைப் பார்த்த பிறகு காலனியில் இருந்த கொத்தனார்கள், சித்தாள்கள், கம்பி கட்டுகிறவர்கள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்தார்கள். யாரும் கூலி வாங்கவில்லை. தளம் போட்ட அன்று பம்ப் கிடையாது, லிஃப்ட் கிடையாது. தெரு முழுக்கப் பெண்கள் வரிசையாக நின்று கைக்குக் கை சட்டி மாற்றினார்கள். ஆயாவைக் கட்டிலோடு தூக்கி வந்து வாசலில் போட்டிருந்தோம். "நடுவுல நிறுத்தாதீங்கடி, ஒட்டாது" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

அந்த ஊர்க்காரர் அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஆனால் ஒரு வருஷம் கழித்துத் தன் மகன் வீட்டுக்குச் சென்ட்ரிங் போட அப்பாவுக்குத்தான் ஆள் அனுப்பினார். அப்பா போனார். ஏன் போனாய் என்று நான் கேட்டதற்கு "வேல தெரிஞ்சவன் போவாம இன்னா பண்ணுவான்" என்றார். எனக்கு அது முழுசாகச் சம்மதம் இல்லை. இன்றுவரை அதைப் பற்றி எங்களுக்குள் சண்டை உண்டு. அதை மறைத்து இங்கே வெற்றிக் கதையாக எழுத விருப்பமில்லை.

அந்த மாடி அறையில்தான் இப்போது படிப்பகம் நடக்கிறது. மேலே நின்றால் ஜவ்வாது மலை நீளமாகத் தெரியும். மலையிலிருந்து வரும் பழங்குடிப் பிள்ளைகள் மூன்று பேர் படிக்கிறார்கள். வேலை தேடிப் போன இடத்தில், 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் பலர் எங்கள் மாவட்டத்துக்காரர்கள். மலையோ சேரியோ, இந்தப் பக்கத்து மக்களுக்கு வேலை எப்போதும் வெளியூரில்தான். சிலருக்குக் காடு, சிலருக்குச் சாரம். 2014 ஜூனில் மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தது நினைவிருக்கிறதா? சாரத்தில் ஏறுகிறவருக்கு அதுதான் காப்பீடு.

அதனால் இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்கும் மாணவத் தோழர்களுக்கு இரண்டு வேலைகள். உங்கள் வீட்டில், தெருவில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கட்டட மதிப்பில் ஒரு சதவீதம் அவர்களுக்கென்று வசூலாகிறது. 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம், விபத்தில் இழப்பீடு, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி எல்லாம் பதிவு இருந்தால்தான். புதுப்பிக்காத அட்டை டிரங்குப் பெட்டியில் தூங்கிக்கொண்டிருக்கும், எடுத்துப் பாருங்கள். இரண்டாவது, அவர்களை உட்கார வைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எந்த ஊர், எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி, என்ன கூலி, குழந்தையை எங்கே கிடத்தினார்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். நான் தள்ளினேன்.

கல்லூரியில் யாராவது அந்த அட்டவணையைக் கொடுத்தால் சரியாக நிரப்புங்கள். நான் நிரப்ப வேண்டியதை இங்கே நிரப்பிவிடுகிறேன்.

ஆயாவின் தொழில்: சித்தாள். வேலை செய்த இடம்: மவுண்ட் ரோடு, பதினான்கு மாடி.

ஜெய் பீம்.